மாணவர் எடுத்த குறும்படம் யாருக்குச் சொந்தம்? நிறுவனம் கையொப்பம் கேட்கிறது

கல்லடிக்கரை

வணக்கம். நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் திரைப்படப் பாடநெறி படித்து முடித்திருக்கிறேன். இறுதிப் படமாக நாங்கள் நால்வர் சேர்ந்து மருதமுனையில் ஒரு கைத்தறிக் கொட்டிலில் குறும்படம் எடுத்தோம். கூலிக்குச் சாரம் நெய்யும் ஒரு உம்மாவின் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. கதையும் இயக்கமும் நான். மற்ற மூவரும் கமரா, ஒலி, எடிட்டிங். நிறுவனத்தின் கமராவையும் மைக்கையும் பாவித்தோம். பஸ் காசு, சாப்பாடு, லைட் வாடகை எல்லாம் எங்கள் கைக்காசு. விரிவுரையாளர் திரைக்கதையைப் பார்த்துத் திருத்தம் சொன்னார், அந்த நன்றி எப்போதும் உண்டு.

இப்போது சான்றிதழ் வாங்கப் போனால் ஒரு தாளும் சேர்ந்து வருகிறது. பாடநெறிக் காலத்தில் மாணவர் உருவாக்கிய சகல படைப்புகளினதும் சகல உரிமைகளும் நிறுவனத்துக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. சேரும்போது நிரப்பிய விண்ணப்பத்தில் இப்படி ஒன்றும் இல்லை. கையொப்பமிடாவிட்டால் சான்றிதழ் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இரண்டையும் ஒன்றாகத்தான் நீட்டுகிறார்கள்.

படத்தை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்ப வேண்டும். அதே உம்மாவை வைத்து ஒரு நீளப்படம் செய்யும் ஆசையும் இருக்கிறது. கையொப்பமிட்டால் எதெதை இழப்போம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிப்பதிவு கல்முனை

கையொப்பம் வைக்காதீங்க தங்கச்சி. நான் கமரா வாடகைக்கு விடுகிறவன். என் கமராவில் எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படமெல்லாம் என்னுடையது என்று நான் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்? கமரா கொடுத்ததற்கு வாடகை, அத்தோடு சரி. நீங்க பாடநெறிக் கட்டணம் கட்டித்தானே அந்தக் கமராவைப் பாவித்தீங்க?

வாவிக்கரை வாசகன்

சட்டத்துறையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படம் உருவான கணத்திலேயே உரிமையும் உண்டாகிவிடும். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியும் கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமையும் பதிகிறார்கள், படத்தின் பதிப்புரிமையை அங்கே பதிய வேண்டியதில்லை. ஆகவே "பதியவில்லை, உங்களுக்கு உரிமை இல்லை" என்று யாராவது சொன்னால் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது, யாருக்கு உரிமை என்ற கேள்வி. 14ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பொதுவிதி, படைத்தவரே முதல் உரிமையாளர். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் அந்த வேலையின்போது செய்ததற்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், பொருளாதார உரிமை தொழில்தருநருக்குப் போகும். மாணவர் ஊழியர் அல்ல. சம்பளம் வாங்கவில்லை, கட்டணம் கட்டுகிறார். எனவே அந்த வழியால் நிறுவனம் வர முடியாது.

ஆனால் படத்துக்கென்று தனி விதி ஒன்று உண்டு. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஒரு படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கு. யார் தயாரிப்பாளர்? படத்தை ஆக்குவதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர் என்பது சட்டத்தின் வரையறை. உங்கள் கதை, உங்கள் தேடல், உங்கள் செலவு, நீங்களே அலைந்து எடுத்த இட அனுமதி என்றால் அது நீங்கள் நால்வரும்தான். கமரா தந்ததும் திரைக்கதையில் திருத்தம் சொன்னதும் உதவி. அது தயாரிப்பு ஆகாது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. படத்தில் வழக்கமான முறையில் தயாரிப்பாளராக யார் பெயர் வருகிறதோ அவரே தயாரிப்பாளர் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் ஊகித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மரியாதைக்காகப் படத்தின் தொடக்கத்தில் பெயர் காட்டும் முதல் கார்டில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு அதன் கீழே "தயாரிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு கார்ட் பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். உங்கள் படத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

கல்லடிக்கரை

இப்போதுதான் திறந்து பார்த்தேன். முதல் கார்டில் நிறுவனத்தின் சின்னமும் "வழங்கும்" என்ற சொல்லும் இருக்கின்றன. "தயாரிப்பு" என்று எங்கும் இல்லை. கடைசியில் எங்கள் நால்வரின் பெயரும், நன்றியில் விரிவுரையாளரின் பெயரும் வருகின்றன.

வாவிக்கரை வாசகன்

"வழங்கும்" என்பதை எடுத்துவிடுங்கள். படத்தின் முடிவில் "உபகரண உதவி" என்று போட்டு நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். "தயாரிப்பு" என்று உங்கள் நால்வரின் பெயரையும், இறுதிக் கார்டில் ஆண்டையும் சேருங்கள். விழாவுக்கு அனுப்பும் பிரதியும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பிரதியும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பயிற்றுநர்

நான் வேறோர் இடத்தில் ஊடகப் பயிற்சி கொடுக்கிறேன். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நிறுவனங்கள் எல்லாம் பிள்ளைகளின் படத்தைப் பறிக்க இருக்கின்றன என்பது போலப் பேச்சுப் போகிறது. நடைமுறையில் நான் காண்பது வேறு. படம் முடிந்து ஒரு வருடத்தில் ஹார்ட் டிஸ்க் பழுது, போன் மாறிவிட்டது, எடிட் செய்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். படமே இல்லை. பிள்ளைகள் மறுகா என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், "சேர், உங்களிடம் கொப்பி இருக்கிறதா" என்று. எங்கள் பக்கத்தில் மாணவர் படங்களைக் காக்க எனக்குத் தெரிந்த காப்பகம் ஒன்றும் இல்லை. பயிற்சி நிலையத்தின் அலுமாரிதான் காப்பகம்.

அடுத்தது பொறுப்பு. ஒருவரை அவமதிக்கும் படமென்று முறைப்பாடு வந்தால் தேடி வருவது நிலையத்தைத்தான். தேர்தல் காலத்தில் ஒரு மாணவர் படத்தின் துண்டு கட்சிப் பிரசாரத்தில் வந்தது, எங்கள் சின்னத்தோடு. அப்போது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நிதி தருகிறவர்களும் "என்ன படங்கள் வந்தன, காட்டுங்கள்" என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் ஏதோ ஓர் உரிமை எங்கள் கையில் இருக்க வேண்டாமா?

ஒளிப்பதிவு கல்முனை

சேர், கொப்பி வைத்திருக்க உரிமை வேண்டும் என்பது சரி. அதற்கு முழுப் படத்தையும் எழுதி வாங்க வேண்டுமா?

பெரியகல்லாறு

சென்னையில் படித்துவிட்டு வந்தவன். உலகத்தில் இரண்டு வழக்கமும் உண்டு. புனே திரைப்பட நிறுவனத்தில் டிப்ளோமா படங்களின் தயாரிப்பாளர் அந்த நிறுவனமே. அங்கே படத்துக்குரிய பணத்தையும் வசதிகளையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள், எனவே அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளியில் மாணவர் எடுத்த படம் மாணவருக்கே. அங்கே பிள்ளைகள் தாங்களே காசு திரட்டிப் படம் எடுக்கிறார்கள். இந்தத் தங்கையின் நிலை இரண்டாவது வகை. கைக்காசில் எடுத்த படத்துக்குப் புனேயின் விதியைக் கொண்டுவந்து வைப்பது நியாயமே இல்லை.

இன்னொன்று. யூடியூபில் இந்தியச் சட்டத்தரணிகள் சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியரே தயாரிப்பாளர்தான். எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை. படைத்த மனிதரே ஆசிரியர், பொருளாதார உரிமை மட்டுமே தயாரிப்பாளரிடம் போகிறது.

வாவிக்கரை வாசகன்

பெரியகல்லாறு சொன்ன அந்த வேறுபாடு முக்கியம். எங்கள் சட்டத்தில் ஆசிரியருக்கு இரண்டு வகை உரிமை. பிரதி எடுப்பது, விற்பது, திரையிடுவது, இணையத்தில் போடுவது, தழுவி இன்னொரு படைப்பு ஆக்குவது எல்லாம் பொருளாதார உரிமைகள். பெயர் போடச் சொல்வதும், படத்தைச் சிதைத்து உங்கள் மரியாதைக்குப் பங்கம் வரச் செய்வதைத் தடுப்பதும் தார்மீக உரிமைகள். பொருளாதார உரிமையை நீங்கள் கைமாற்றினாலும் தார்மீக உரிமை உங்களுடனேயே இருக்கும். நிறுவனம் உங்கள் படத்தை வெட்டி உங்கள் பெயரில்லாமல் விளம்பரத்துக்குப் போட்டால் அப்போதும் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

நீளப்படம் பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். தழுவும் உரிமையும் பொருளாதார உரிமைக்குள்தான் வருகிறது. "சகல உரிமைகளும்" என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் கதையை நீங்களே பெரிய படமாக்க நாளைக்கு நிறுவனத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வரலாம். அந்தத் தாளில் நீங்கள் இழக்கும் பெரிய பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். விழாவும் யூடியூபும் அதற்குப் பிறகுதான்.

பயிற்றுநர் ஐயாவின் கவலைகள் உண்மையானவை. ஆனால் அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அனுமதிப் பத்திரம் போதும், உரிமை மாற்றம் தேவையில்லை. ஒரு பிரதியைக் காப்பகத்தில் வைக்க அனுமதி, வகுப்பில் காட்ட அனுமதி, நிதி தந்தவருக்குத் திரையிட அனுமதி. சின்னத்தைப் பாவிப்பது பற்றிய நிபந்தனையையும் அதிலேயே எழுதலாம், படத்தில் உள்ளவற்றுக்கு மாணவரே பொறுப்பு என்ற வாசகத்தையும் சேர்க்கலாம். படம் மாணவரிடமே இருக்கும்.

பயிற்றுநர்

அப்படிப் பார்த்தால் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் இடத்தில் பாவிக்கும் படிவத்தையும் திருத்த வேண்டும் என்று நிர்வாகத்திடம் பேசுகிறேன்.

முகத்துவாரம்

எங்களுக்கு நடந்ததையும் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம். நாங்கள் படித்த இடத்தில் எல்லோரும் கையொப்பமிட்டோம், யோசிக்கவே இல்லை. படத்தை ஒரு வெளிநாட்டு விழா தெரிவு செய்தது. அதற்கிடையில் நிறுவனம் தன் யூடியூப் சனலில் முழுப்படத்தையும் ஏற்றிவிட்டது. இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தை எடுப்பதில்லை என்பது அந்த விழாவின் விதி. நீக்கிவிட்டார்கள். நிறுவனத்திடம் கேட்டோம். "எங்கள் படம்தானே, எங்கள் சனலில் போட்டோம்" என்றார்கள். தாளில் அப்படித்தான் இருந்தது. எங்களோடு நடித்த பெண் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. விழாவுக்குத் தெரிவானதை அவ ஊர் முழுக்கச் சொல்லியிருந்தா.

பெரியகல்லாறு

இது பல விழாக்களில் உள்ள விதி. முதல் காட்சி தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே அனுமதிப் பத்திரத்தில் எந்த வகைத் திரையிடல் என்பதோடு எப்போதிருந்து என்பதையும் எழுத வேண்டும். விழாக்கள் முடியும் வரை இணையத்தில் ஏற்றக்கூடாது என்று ஒரு திகதியைக் குறித்தே எழுதுங்கள்.

யூடியூபில் வேறொரு சிக்கலும் உண்டு. நிறுவனத்தின் சனல் கொன்டென்ட் ஐடியில், அதாவது யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனையில், உங்கள் படத்தைத் தன்னுடையதாகக் கொடுத்துவைத்தால், பிறகு நீங்கள் ஏற்றும்போது உங்கள் வீடியோவுக்கே உரிமைக் கோரல் வரும். ஆட்சேபித்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அந்த 30 நாளும் உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

அக்கரைப்பற்று ராத்தா

தங்கச்சி, மருதமுனை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. படத்தில் அந்த உம்மா கவி ஏதும் சொல்கிறாவா? எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலை செய்யும்போது கவி சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

கல்லடிக்கரை

ஓம் ராத்தா, இரண்டு கவி இருக்கிறது. ஒன்று அவவின் உம்மம்மா சொல்லக் கேட்டதாம். மற்றது நூல் விலை ஏறினதைப் பற்றி, நாங்கள் கமரா வைத்திருக்கும்போதே தானாகக் கட்டிச் சொன்னா. படத்தில் எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான்.

அக்கரைப்பற்று ராத்தா

அப்படியென்றால் அந்த இரண்டாவது கவி அவவுடையது. நீங்களும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது, நிறுவனமும் முடியாது. உங்கள் நால்வரின் கையொப்பத்தை வைத்துக்கொண்டு அந்தக் கவியையும் சேர்த்து "சகல உரிமையும்" என்று எழுதி எடுப்பது அநியாயம். எங்கள் ஊர்களில் நாட்டார் கவி சேகரிக்க வந்தவர்கள் புத்தகம் போட்டார்கள், சொன்ன கிழவிகளின் பெயர் பல புத்தகங்களில் இல்லை. இந்தப் படத்திலாவது அவவின் பெயரைக் கவிக்கு நேராகப் போடுங்கள், "நன்றி" பட்டியலில் ஒரு மூலையில் வேண்டாம்.

வாவிக்கரை வாசகன்

ராத்தா சொன்னது சட்டப்படியும் சரி. அவ சொந்தமாகக் கட்டிய கவிக்கு அவவே ஆசிரியர். படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் போனாலும், தன் பங்களிப்பைப் படத்திலிருந்து பிரித்துப் பாவிக்கக்கூடியதாக இருந்தால் அதன் உரிமை ஆசிரியரிடமே நிற்கும் என்று அதே 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கவியை நாளைக்கு ஒருவர் பாட்டாக இசையமைக்க வந்தால் அவவிடம்தான் கேட்க வேண்டும். உம்மம்மாவின் கவி நாட்டார் வெளிப்பாடு என்ற வகைக்குள் வரும். அதற்குச் சட்டத்தில் 24ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வர்த்தக நோக்கத்தோடோ வழமையான சூழலுக்கு வெளியேயோ பாவித்தால் அதற்குரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். படத்தை வெளியே திரையிடும்போதும் விற்கும் எண்ணம் வந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உம்மாவிடம் எழுத்தில் ஒரு அனுமதி வாங்குங்கள். அவ முகம், குரல், கவி மூன்றும் அதில் வர வேண்டும். தமிழில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். வீட்டுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பம். நீளப்படத்துக்கு அது போதாது, அப்போது புதிதாகப் பேச வேண்டும்.

திருக்கோவில் ஆசிரியை

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் கற்பிக்கிறேன். என் பிள்ளைகள் போனில் எடுத்த படங்களைக் குறும்படப் போட்டிகளுக்கு அனுப்புகிறோம். போட்டி விதிகளில் "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளும் ஏற்பாட்டாளருக்கே உரித்தானவை" என்று அடிக்கடி காண்கிறேன். வென்ற படம் மட்டுமல்ல, அனுப்பிய எல்லாமே. பரிசு கிடைக்காத பிள்ளையின் படத்தையும் வைத்துக்கொள்வது எந்த வகையில் சரி? பாடசாலையாக இதை எப்படிக் கையாளலாம்?

வாவிக்கரை வாசகன்

மிஸ், உரிமை கைமாறுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். போஸ்டரின் அடியில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் உரிமை போய்விடாது. அதற்காகப் பிள்ளைகள் அலட்சியமாகவும் இருக்கக்கூடாது, படிவம் தந்தால் வாசித்துத்தான் நிரப்ப வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியாகக் கையொப்பமிடக்கூடாது, பெற்றோர் சேர வேண்டும். ஏற்பாட்டாளருக்குப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் எழுதுங்கள், "திரையிட அனுமதி தருகிறோம், உரிமை மாணவரிடமே" என்று. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பழைய விதியை வேறெங்கோ இருந்து அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள்.

ஒளிப்பதிவு கல்முனை

நால்வருக்குள்ளும் ஒரு தாள் எழுதுங்க தங்கச்சி, நிறுவனத்துக்கு முன்னால் அதுதான் வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி நிறுவனத்தோடு நடந்ததில்லை, கூட்டாளிகளோடு நடந்தது. கமராக்காரனிடம் ஒரிஜினல் பைல், எடிட்டரிடம் புரஜெக்ட், இயக்குநரிடம் ஒன்றும் இல்லை. விழா வந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள்.

வாவிக்கரை வாசகன்

முழுக்க ஆமோதிக்கிறேன். யார் தயாரிப்பாளர், யார் பெயர் எங்கே வரும், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது, விழாக்களுக்கு அனுப்பும் முடிவு யாருடையது என்று எழுதுங்கள். நீளப்படம் செய்யும் உரிமை கதை எழுதியவருக்கு என்பதையும் இப்போதே எழுதுங்கள். மற்றவர்கள் விரும்பாவிட்டால் இப்போதே தெரிய வேண்டும். ஒருவர் மட்டும் நிறுவனத்தின் தாளில் கையொப்பமிட்டால் மற்ற மூவரின் பங்கு கைமாறாது, ஆனால் குழப்பம் வரும். விழாக்காரர் உரிமைக்கு ஆதாரம் கேட்கும்போது அந்தக் குழப்பம் உங்களைத்தான் தடுக்கும்.

வழக்கு என்று போக வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். புலமைச் சொத்து வழக்குகள் கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றத்தில்தான் நடக்கும். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் தவணைக்குத் தவணை போய் வர எந்த மாணவரிடம் காசு இருக்கிறது? புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. செலவு குறைவு, ஆனால் அதற்கும் கையில் கடதாசி இருக்க வேண்டும்.

கல்லடிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று நால்வரும் போனோம். அந்தத் தாளில் கையொப்பமிட முடியாது, வேறு தாள் கொண்டுவருகிறோம் என்றோம். இணைப்பாளர் கோபப்படவில்லை. இது தலைமையகத்திலிருந்து வந்த படிவம், உங்கள் வரைவை அங்கே அனுப்பிவைக்கிறேன் என்றார். சான்றிதழை அதோடு சேர்க்காமல் தாருங்கள் என்று கேட்டோம். தந்துவிட்டார்கள்.

வரைவு இதுதான், பார்த்துச் சொல்லுங்கள்: "படத்தின் உரிமை மாணவர் நால்வருக்கும் உரியது. நிறுவனம் ஒரு பிரதியைக் காப்பகத்தில் வைத்திருக்கலாம், வகுப்புகளிலும் தனது நிகழ்வுகளிலும் இலவசமாகத் திரையிடலாம், எல்லா ஊடகங்களிலும் அறிமுகத்துக்காகப் பாவிக்கலாம். மாணவரின் எழுத்துமூல அனுமதியின்றி முழுப்படத்தையும் இணையத்தில் ஏற்றக்கூடாது. எவ்விதத் திரையிடலிலும் படைப்பாளிகளின் பெயர்களை நீக்கக்கூடாது."

உம்மாவின் பெயரைக் கவிக்கு நேராகப் போட்டுவிட்டோம் ராத்தா. வெள்ளிக்கிழமை மருதமுனைக்குப் போய் அனுமதித் தாளை வாசித்துக் காட்டப்போகிறோம்.

அக்கரைப்பற்று ராத்தா

ஜும்ஆவுக்குப் பிறகு போங்க, அப்போது மகனும் வீட்டில் இருப்பார். படத்தின் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்க.

வாவிக்கரை வாசகன்

"எல்லா ஊடகங்களிலும் அறிமுகத்துக்காக" என்பதை வெட்டுங்கள், அடுத்த வாக்கியத்தோடு அது மோதுகிறது. "60 விநாடிக்கு மேற்படாத பகுதியை அறிமுகத்துக்காக" என்று மாற்றுங்கள். இந்த அனுமதி நிறுவனத்துக்கு மட்டுமானதல்ல, வேறு யாருக்கும் நீங்கள் அனுமதி கொடுக்கலாம் என்பதையும், நிறுவனம் இதை இன்னொருவருக்குக் கைமாற்றக்கூடாது என்பதையும் சேருங்கள். இரண்டு பிரதி எடுங்கள். இரண்டிலும் நால்வரும் நிறுவனத்தின் சார்பில் அதிகாரமுள்ள ஒருவரும் திகதியோடு கையொப்பமிட வேண்டும். ஒன்று உங்களிடம்.